வழி மறக்காத வண்டி

மத்தியானம் பன்னிரண்டரை மணி. சாத்தான்குளத்திலிருந்து உடன்குடிக்குப் போகிற தேரிக்காட்டு ரோடு. மனுஷர் இல்லை... மாடு இல்லை... காக்கா கூட இல்லை. அவரவர் நிழல் அவரவர் காலுக்கடியில் சுருண்டு கிடக்கிற நேரம். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ரத்தம் காய்ந்த நிறத்தில் மணல். அந்த ரோட்டில் ஒரு மனுஷர், தன்னந்தனியாக, ஸ்கூட்டரில் வருகிறார்...

"நிறுத்தும் ஓய்," என்றார் செபாஸ்டின். "பேய்க் கதைன்னு கூட்டி வச்சிட்டு, சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போறவன் கதையச் சொல்லுதீரு?"

பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வர வேண்டும், அதற்கு ஷிப்டு போட்டுக் கொடுத்திருக்கிறது என்று நினைக்கிறவர்களை என்ன செய்ய? உச்சிப் பொழுதில் தேரிக்குள் கால் வைக்காதே என்று எங்கள் பக்கத்தில் சும்மாவா சொன்னார்கள்? ராத்திரிப் பேயாவது விளக்கைப் போட்டால் ஓடிப்போகும். மத்தியானப் பேய்க்கு எதைப் போடுவீர்?

இப்படிக் கேட்டதும் செபாஸ்டின் வாயை மூடிக்கொண்டார். கதையில் பாதி ஜெயம் அங்கேயே.

கதை நடந்ததுதான் பட்டப்பகலில். நான் சொன்னது நல்ல கும்மிருட்டில். கார்த்திகைப் புயல் ஒன்று வருகிறேன், வரமாட்டேன் என்று கடலுக்குள் நின்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. பொழுது சாயும் முன்பே கரண்டு போய்விட்டது. வீட்டுக்குள் கொசு, வெளியே காற்று. காற்றே தேவலை என்று எல்லாரும் பெனிஸ்டன் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டோம். தண்ணீர்த் தொட்டியின் மறைவில் பாயை விரித்து, நடுவில் ஒரு சார்ஜர் விளக்கை வைத்து, அதைச் சுற்றிக் கோழிக்குஞ்சு மாதிரி ஒண்டிக்கொண்டிருந்தோம். உப்பளத்துக்கு அந்தப் பக்கம் துறைமுகத்துக் கிரேன்களின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. மற்றபடி தூத்துக்குடி என்று ஒரு ஊர் இருந்ததற்கு அடையாளமே இல்லை.

பெனிஸ்டனும் நானும் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர்கள். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டையை அவன் ஒரு பக்கம் எண்ணுவான், நான் ஒரு பக்கம் எண்ணுவேன். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாது. அவன் எண்ணிக்கைதான் சரியாக இருக்கும். ரிடையர் ஆகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தப் புத்தி அவனை விடவில்லை. நான் கதை சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்து டாலி பார்ப்பான். நான் கூட்டினால் அவன் கழிப்பான்.

செபாஸ்டின் புன்னைக்காயல்காரர். இழுவைப் படகை ஓட்டுகிற செராங்காக இருந்தவர். கடலில் பார்க்காத பேயா என்று கேட்கிற ஜாதி. அவர் சம்சாரம் விஜிலா அக்கா நேர் எதிர். காற்றில் கொடிச்சேலை ஆடினாலே கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொள்வார். பக்கத்து வீட்டு சிவப்பிரகாஷ் பேங்க்காரர். பயமில்லை பயமில்லை என்று சொல்லிச் சொல்லியே என் மடிக்கு வந்துவிட்டார். கீழே அடுப்படியில் பெனிஸ்டன் சம்சாரம் கிரேசி மதினியும், அன்று காலையில் ஊரிலிருந்து வந்திருந்த பெனிஸ்டனின் தங்கச்சி மகள் ஜெனிலாவும் சுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த வீட்டு மாடிப்படியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய சரக்குப் பார்ஜின் தகட்டை வாங்கி பெனிஸ்டன் தானே நின்று வெல்டிங் வைத்த இரும்புச் சுருள் படி. ஏறினால் டங்... டங்... என்று கோவில் மணி மாதிரி கேட்கும். அன்று நாங்கள் ஒவ்வொருவராக ஏறி வந்தபோது கீழ்த்தெருவில் எவனோ நேரம் என்ன என்று கேட்டான்.

"பூனை ஏறினாக்கூடத் திருச்செந்தூருக்குக் கேக்கும்," என்றேன்.

"பூனை ஏறினா கேக்காது," என்றான் பெனிஸ்டன். "மனுசர் ஏறினா கேக்கும். தவழுத பிள்ளை ஏறினாலும் கேக்கும்."

பார்த்தீர்களா? டாலி.

கதைக்கு வருவோம். ஸ்கூட்டரில் வந்தவர் நேசக்குமார். பெனிஸ்டனின் தங்கச்சி ரேச்சலைக் கட்டியவர். உலகத்துக் கப்பலிலெல்லாம் என்ஜினியராக இருந்துவிட்டு, இனி தண்ணியே வேண்டாம், மண்ணுதான் வேண்டும் என்று ஊருக்கு வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? தேரிக்காட்டு ரோட்டோரம் பாழாய்க் கிடந்த, கருப்பட்டி மூட்டை அடுக்குகிற கிட்டங்கி ஒன்றை வாங்கி, ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்து, கிராமத்துக் காட்சிசாலை வைக்கிறேன் என்று மாட்டுவண்டிகளாகத் தேடித் தேடிச் சேர்க்க ஆரம்பித்தார். வைக்கோல் படப்புக்கடியில் கிடந்தது, கிணற்றடியில் கோழி அடைந்தது, விறகுக்கு உடைக்கப் போனது என்று எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். வில்வண்டி, கூண்டுவண்டி, உப்புவண்டி, மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா போய்வந்த ஒற்றைமாட்டு வண்டி... ஐம்பது அறுபது வண்டி.

"ஒம்பது," என்றான் பெனிஸ்டன்.

சரி, ஒன்பது. அதில் ஒன்றுதான் உடன்குடி கருப்பட்டி வியாபாரி ஆறுமுகநயினார் கொடுத்த பாரவண்டி. மூட்டை ஏற்றுகிற வண்டி. கூண்டு கிடையாது, இரண்டு பக்கமும் முளைக்கம்பு. உடம்பெல்லாம் கருவேல மரம். சக்கரம் ஒரு பனை உயரம்...

"என் நெஞ்சு உயரம்."

...பெனிஸ்டன் நெஞ்சு உயரம். அது கொஞ்சம் கட்டைதான், ஆனாலும் வண்டிச் சக்கரத்துக்கு அதிகம். ஆறுமுகநயினார் வண்டியை ஓசியில் கொடுத்தார். ஒரே நிபந்தனை, வண்டிக்கு முன்னால் அவர் பாட்டையா பேரைப் போட்டு ஒரு போர்டு வைக்க வேண்டும். நேசக்குமார் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்.

இந்த நேசக்குமார் எப்படிப்பட்ட ஆள் என்றால், சட்டையில் பொத்தான் மாறிப் போட்டவனை பஸ்ஸில் பார்த்தால் இறங்கும்வரை நிம்மதி இருக்காது. என்ஜினைப் பிரித்து மாட்டிய கை. அவர் வண்டியைத் துடைத்து எண்ணெய் போடும்போது ஒன்றைப் பார்த்தார். வலது சக்கரத்தின் நடுக் குடத்தில் உளியால் இரண்டு வெட்டு. இடது சக்கரத்துக் குடத்தில் ஒரு வெட்டு. அச்சிலோ வலது முனையில் ஒரு வெட்டு, இடது முனையில் இரண்டு. தச்சன் போட்ட அடையாளம் அது. இந்தச் சக்கரம் இந்த முனைக்கு என்று. யாரோ இடம் வலம் மாற்றி மாட்டியிருக்கிறான்!

நேசக்குமாருக்குக் கை சும்மா இருக்குமா? லாரி ஜாக்கியை வைத்துத் தூக்கி, கடையாணியைத் தட்டிக் கழற்றி, இரண்டு சக்கரத்தையும் இறக்கி, அதனதன் முனையில் மாட்டினார். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அந்தக் காலத்து மை போட்டார். சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். சத்தமே இல்லாமல்... நின்று... நிதானமாக... சுற்றிக்கொண்டே இருந்ததாம்.

"எவ்வளவு நேரம்?" என்றார் சிவப்பிரகாஷ்.

"அவர் கிட்டங்கியப் பூட்டி, வீட்டுக்குப் போய், குளிச்சிச் சாப்பிட்டுப் படுக்குத வரைக்கும்."

பெனிஸ்டன் என்னைப் பார்த்தான். "பூட்டுத வரைக்கும்," என்றான்.

மறுநாள் காலையில் நேசக்குமார் கிட்டங்கியைத் திறந்தார். பாரவண்டி சுவரைப் பார்த்துத்தான் நின்றது முந்தின நாள். இப்போது அதன் ஏர்க்கால் வாசலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. முட்டுக்கட்டை சுவரோரத்திலேயே கிடந்தது, நுகத்தடியோ மாடு பூட்டத் தூக்கிப் பிடித்த மாதிரி... முட்டே இல்லாமல்... அந்தரத்தில் நின்றது. அவர் தொட்டதும் தொம்மென்று விழுந்தது. பக்கத்து வண்டிகள் எல்லாம் அதைவிட்டு இரண்டு முழம் தள்ளி நின்றன.

"நாலு விரக்கடை."

"நாலு விரக்கடை தள்ளினா மட்டும் நல்லதாலே? வண்டி தானா எதுக்குத் தள்ளி நிக்கணும்?"

"தரை சரிவா இருக்கும்," என்றார் செபாஸ்டின்.

நேசக்குமாரும் அப்படித்தான் நினைத்தார். வண்டியைத் திருப்பிச் சுவரைப் பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லை அண்டக் கொடுத்துவிட்டு, மத்தியானம் சாப்பிட வீட்டுக்குக் கிளம்பினார். வீடு அங்கிருந்து இரண்டு மைல். ரோட்டைவிட்டு ஒதுங்கி மணலுக்குள் தனியாக நிற்கிற வீடு. வீட்டில் ரேச்சலும் ஜெனிலாவும். ஜெனிலாவுக்கு அப்போது மஞ்சள் காமாலை.

விஜிலா அக்கா நிமிர்ந்தார். "எந்த ஜெனிலா? நம்ம...?"

"கூப்பாடு போடாதிங்க அக்கா, கீழதான் இருக்கா. போன ஆடியில நடந்தது."

பிள்ளை காலேஜ் ஹாஸ்டலில் எந்தத் தண்ணியைக் குடித்தாளோ, காமாலையோடு வந்து விழுந்தாள். கண் மஞ்சள், நகம் மஞ்சள், படுத்த விரிப்பு மஞ்சள். கீழாநெல்லி கொடுத்தார்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்றினார்கள். டாக்டர் ரேச்சலை வெளியே கூப்பிட்டு, ஈரல் ரொம்பக் கெட்டிருக்கிறது, வீட்டில் வைத்துப் பாருங்கள், மயக்கம் தட்டினால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஒரே பிள்ளை. ரேச்சல் கட்டில் காலிலேயே பாயைப் போட்டுக் கிடந்தாள். நேசக்குமார் வண்டியோடு மல்லுக்கு நின்றதே அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான்.

ஆக, மத்தியானம் பன்னிரண்டரை. ஸ்கூட்டரில் நேசக்குமார். ஆடிக் காற்று மணலை வாரி ரோட்டின் குறுக்கே பாம்பு பாம்பாக ஓட்டுகிறது. திடீரென்று காற்று நின்றது. ஸ்கூட்டர் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம்.

டொக்... கறக்...

டொக்... கறக்...

குடம் கடையாணியில் இடிக்கிற சத்தம். பாரவண்டி ஓடினால்தான் அது வரும். ஸ்கூட்டரை நிறுத்தினார். சத்தமும் நின்றது. திரும்பிப் பார்த்தார். வெயில்... மணல்... ஒன்றுமில்லை. ஆனால் வாசனை வந்தது. விளக்கெண்ணெயும் கரிந்த வைக்கோலும். அதற்குப் பின்னாலேயே வேர்த்த மாட்டின் வாடை. ரோட்டோர மணலில், அவர் வந்த திசையிலிருந்து அவர் நிற்கிற இடம்வரை, இரண்டு கோடு. சக்கரத்து இரும்புப் பட்டை அழுந்திய தடம். நடுவில் மாட்டுக் குளம்பு... இல்லவே இல்லை.

அன்றைக்கு அந்த ஸ்கூட்டர் போன வேகத்தில் ராக்கெட்டே போயிருக்காது. வீட்டுக்குள் பாய்ந்தார். ஜெனிலா கண்ணைத் திறக்காமல் கேட்டாளாம்: "அப்பா... யாருப்பா வண்டில வந்தது?"

"ஸ்கூட்டர்லதானம்மா வந்தேன்."

"ஸ்கூட்டர் இல்லப்பா. அந்த வண்டி ரோட்டுலயே நின்னுட்டு. ஏன் உள்ள வரல?"

பாயில் ஒருவரும் அசையவில்லை. சிவப்பிரகாஷ் விளக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கீழே அடுப்படியில் தம்ளர் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் கேட்டது. டங்... டங்... டங்... விஜிலா அக்கா "மாதாவே!" என்று அலறிவிட்டார். மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்து தலையை மட்டும் நீட்டினாள் கிரேசி மதினி.

"சீனி போடவா, கருப்பட்டி போடவா?"

"உடன்குடிக் கருப்பட்டியா?" என்றார் செபாஸ்டின்.

"ஆமா."

"எனக்குச் சீனி."

அந்த நிலைமையிலும் எல்லாரும் சிரித்துவிட்டோம். மதினி ஒன்றும் புரியாமல் டங் டங்கென்று இறங்கிப் போனாள். பெனிஸ்டன் மட்டும் சிரிக்கவில்லை. படியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள். அதே உச்சிப் பொழுது. நேசக்குமார் கிட்டங்கியை விட்டு நகரவில்லை. பாரவண்டியின் ஏர்க்காலைச் சங்கிலி போட்டுத் தூணோடு கட்டி, அதற்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அப்போது வாசலில் கார் வந்து நின்றது. பாட்டையா பேர் போட்ட போர்டு எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆறுமுகநயினார் வந்திருந்தார். தும்பைப்பூ வேட்டி, கைநிறைய மோதிரம், கூடவே செண்டு வாசனை. போர்டைப் பார்த்தார், மலர்ந்தார். எழுத்து சின்னதாக இருக்கிறதே என்று கொஞ்சம் வருத்தப்பட்டார். பிறகு சக்கரத்தைப் பார்த்தார்.

மனுஷர் அந்தத் தும்பைப்பூ வேட்டியோடு எண்ணெய்த் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி... சக்கரத்த மாத்துனியளா?"

"ஆமா அண்ணாச்சி. எவனோ கூறுகெட்டவன் இடம் வலம் மாத்தி மாட்டியிருந்தான். சரிபண்ணிட்டேன்."

"அந்தக் கூறுகெட்டவன் எங்க பாட்டையா."

பிறகுதான் விஷயம் வந்தது. அவர் பாட்டையா காலத்தில் ஊரில் பேதி பரவியிருக்கிறது. வீட்டுக்கு வீடு ஆள் விழுந்தார்கள், தூக்க நாதியில்லை. பிணம் ஏற்ற அந்தப் பாரவண்டிதான் ஓடியிருக்கிறது.

"மொதல்ல கூப்பிட்ட வீட்டுக்குப் போச்சு தம்பி. பொறவு கூப்பிடாமலே போச்சு. எந்த வீட்டுல ஆள் படுத்திருக்கோ, அந்த வாசல்ல போய்த் தானா நிக்கும். வண்டிக்காரன் கயித்த இழுத்தாலும் கேக்காது. கடைசியில மாடும் செத்துப்போச்சு. அதுக்குப் பொறவும் போச்சு. வாசல்ல வந்து நின்னுட்டுன்னா, அது வெறும் வண்டியாத் திரும்புனதே இல்ல."

அவர்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டாம். பிணம் ஏற்றிப் போய்வந்த வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் முன் ஊர் எல்லையில் நிறுத்தி, சக்கரம் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டுவிடுவார்கள். அப்போதுதான் வண்டிக்குப் போன வழி மறக்கும். பாட்டையா அப்படி மாற்றிப் போட்டதுதான். மூன்று தலைமுறையாக அதை யாரும் தொடவில்லை. நம்ம என்ஜினியர் துரை வந்து சரிபண்ணிவிட்டார்.

"ஏன் அண்ணாச்சி, இத மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"பேதி வண்டின்னு சொன்னா, பேரு போட்டுப் போர்டு வைப்பியளா?"

நேசக்குமாருக்கு ஆறுமுகநயினாரை அடிக்கக்கூட நேரமில்லை. இவர் வீட்டிலும் ஒரு ஆள் படுத்திருக்கிறதே! ஜாக்கியை அச்சுக்கடியில் தள்ளினார். ஏற்றினார். வண்டி தரையைவிட்டு எழும்பியது. வலது கடையாணியை ஒரே தட்டில் கழற்றினார். வலது சக்கரம் கையோடு வந்தது. இடது பக்கம் ஓடினார். கடையாணி அசையவில்லை. சுத்தியலால் அடித்தார். அசையவில்லை. அப்போது போன் அடித்தது. ரேச்சல்.

"சிக்னல் இருக்குமா அங்கன?" என்றார் சிவப்பிரகாஷ்.

"நல்ல சேதிக்குத்தான் இருக்காது ஓய்."

போனில் ரேச்சல் மெதுவாகப் பேசினாள். பிள்ளை தூங்குகிற வீட்டில் பேசுகிற மாதிரி. "இங்கன வெளிய ஏதோ வண்டி வார சத்தம் கேக்கு. எட்டிப் பார்த்தா ஒண்ணையும் காணோம். நாய் கட்டிலுக்கடியில போய்ப் படுத்துட்டு. நீங்க கொஞ்சம் வாங்களேன்."

நேசக்குமார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் மூடவில்லை. அந்தரத்தில் நின்ற இடது சக்கரம்... ஒருவரும் தொடாமல்... சுற்ற ஆரம்பித்தது.

மெதுவாக. ஆரக்கால் ஒவ்வொன்றாக எண்ணலாம் போல. டொக்... கறக்...

போனிலும் அதே. டொக்... கறக்...

வண்டி இங்கே, ஒற்றைக் காலை இழந்து, ஜாக்கி மேல், சங்கிலியில் கட்டிக் கிடக்கிறது. அதன் நடை அங்கே கேட்கிறது. "வாசல் கேட்டுக்குப் பக்கத்துல வந்துட்டு," என்றாள் ரேச்சல். சக்கரம் சுற்றியது. "முற்றத்துக்கு வந்துட்டு." சக்கரம் சுற்றியது. நேசக்குமார் அதன் ஆரக்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். அவரையும் சேர்த்துச் சுற்றியது. தலைகீழாக மூன்று தரம்.

பெனிஸ்டன் ஏதாவது சொல்லுவான் என்று நான் கொஞ்சம் நிறுத்தினேன். அவன் சொல்லவில்லை. எனக்கே சங்கடமாகப் போய்விட்டது. "சரி, உள்ளங்கைத் தோல்தான் உரிஞ்சுது," என்று நானே திருத்திக்கொண்டேன்.

"ஏங்க... ஜெனிலா எந்திச்சு உக்காந்துட்டா," என்றாள் ரேச்சல்.

சக்கரம் நின்றது.

போனில் ஒன்றும் கேட்கவில்லை. மூச்சு கூட இல்லை. கிட்டங்கியில் ஆறுமுகநயினார் முருகா முருகா என்று முணுமுணுக்கிற சத்தம் மட்டும். பிறகு சக்கரம் மறுபடி அசைந்தது. இந்தத் தடவை எதிர்ப்பக்கமாக. முதலில் சுற்றியது மாதிரி இல்லை. முக்கி... முனகி... ஏற்றத்தில் இழுக்கிற மாதிரி. சும்மா நின்ற ஜாக்கி கறகறவென்று தானாக இறங்க ஆரம்பித்தது. நேசக்குமார் சுத்தியலைத் தலைக்கு மேல் ஓங்கி, கடையாணியில் ஒரே போடு. ஆணி தெறித்துச் சுவரில் பட்டு விழுந்தது. இரண்டு பேருமாக, என்ஜினியர் ஒரு பக்கம், செண்டு மணக்கிற வியாபாரி ஒரு பக்கம், சக்கரத்தை உருவி வலது முனைக்கு உருட்டி, அந்தச் சக்கரத்தை இந்த முனைக்கு உருட்டி, மாட்டி, ஆணியை அறைந்தார்கள். இரண்டு சக்கரமும் கல்லு மாதிரி நின்றுவிட்டன. பட்டை இரண்டும் அடுப்பிலிருந்து எடுத்த தோசைக்கல்லாகக் கொதித்தன.

காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார்கள். நேசக்குமார் உள்ளே ஓடினார். ஜெனிலா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலை ஆட்டிக்கொண்டு. கண்ணில் மஞ்சள் இல்லை. நகத்தில் மஞ்சள் இல்லை. "பசிக்குப்பா," என்றாள். ஒரு சட்டி கஞ்சியையும் சுட்ட கருவாட்டையும் தின்றாள். டாக்டர் ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, இது வேற ஆள் ரத்தம் என்று திருப்பி அனுப்பினாராம்.

"ஆக, பிள்ளை பொழச்சிட்டு," என்றார் செபாஸ்டின். காலை நீட்டினார். "கீழ காப்பி போட்டுட்டு இருக்கா. இதுல பேய் எங்கன ஓய் இருக்கு? நல்ல வண்டியால்லா தெரியுது! எங்க ஊருக்கும் ஒரு நடை அனுப்பும்."

"அவசரப்படாதேயும். இன்னும் ஒண்ணு இருக்கு," என்றேன். கடைசிச் சரக்கை எப்போதும் நான் கையில் வைத்திருப்பேன். குரலை இறக்கினேன். "நேசக்குமார் வெளிய வந்து பார்த்தாரு. கேட்டுலருந்து முற்றத்து மணல்ல ரெண்டு கோடு. வண்டித் தடம். நேரா வந்து... வாசப்படிக்கிட்ட... நின்னுருந்துது."

விளக்கை அணைத்தேன். இந்த இடத்தில் அணைக்க வேண்டும் என்று முதலிலேயே நினைத்து வைத்திருந்தேன். விஜிலா அக்கா ஒரு கூப்பாடு போட்டார். சிவப்பிரகாஷ் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பரம திருப்தி.

இருட்டில் பெனிஸ்டன் குரல் வந்தது.

"கொறச்சிச் சொல்லுத."

இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து நான் இந்த வார்த்தையைக் கேட்டதே இல்லை.

"என்னலே?"

"வாசப்படி வரைக்கும் இல்ல. நான் மறுநாள் போய்ப் பார்த்தேன். ரேச்சல் கூட்டாம வச்சிருந்தா. வாசப்படி ஏறி, உள்ள சிமெண்டுத் தரையில செம்மண்ணு ரெண்டு கோடா... கட்டில் வரைக்கும் கெடந்துது." காற்று தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. "முற்றத்துல தடம் ரெண்டு சோடி. வந்த தடம் லேசு, மேலாக்க கோடு போட்ட மாதிரி. திரும்பிப் போன தடத்துல என் கை வச்சிப் பார்த்தேன். மணிக்கட்டு வரைக்கும் எறங்குச்சு."

"நல்ல பாரம்," என்றார் சிவப்பிரகாஷ், தன்னை அறியாமல்.

"வெறும் வண்டியாத் திரும்பாதுன்னாருல்ல அந்த அண்ணாச்சி," என்றார் விஜிலா அக்கா.

செபாஸ்டின் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. "பிள்ளைதான் இங்கன இருக்காளே. பின்ன எதலே ஏத்திட்டுப் போச்சு?"

நான் விளக்கைத் தேடினேன். என் கதைக்கு நானே பயப்படுவது எனக்கே முதல் தடவை. பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தினேன்.

"மாமா, காப்பி."

ஜெனிலா எங்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கையில் பெரிய எவர்சில்வர் தட்டு. தட்டு நிறையத் தம்ளர். முகத்தில் நல்ல சிரிப்பு. "இருட்டுல என்ன பண்ணுதிய எல்லாரும்?" என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொருவராகக் கொடுத்தாள். செபாஸ்டினுக்குச் சீனி போட்டதை நினைவாக எடுத்துக் கொடுத்தாள். விஜிலா அக்கா கை நீட்டவில்லை. அவர் முன்னால் தம்ளரைத் தரையில் வைத்தாள். பாயின் மேல்தான் நடந்தாள். பழைய கோரைப் பாய். நாங்கள் அசைந்தாலே நொறுநொறுவென்று கேட்டுக்கொண்டிருந்த பாய்.

"நீ எப்பம்மா ஏறி வந்த?" என்றேன்.

"இப்பந்தான் மாமா. படியிலதான்."

தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கப் போனாள். நாங்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. காப்பியை வாயில் வைக்கவும் இல்லை. அவள் தலை சுருள் படியில் ஒரு சுற்று இறங்கியது... இரண்டாவது சுற்று... மறைந்தது. எல்லாரும் இரும்புப் படியின் டங்குக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காற்று கூட நின்றுவிட்டது.

கீழே அடுப்படிக் கதவு சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.